குளத்தங்கரையில் மீதமிருந்தவர்கள்

பெதஸ்தா குளத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணும்போது, எழுந்து நடந்தவனைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, எழாமல் கிடந்தவர்களிடம்தான் நான் முதலில் போவேன். யோவான் 5ஆம் அதிகாரத்தில் அவர்கள் இருக்கிறார்கள். ஐந்து மண்டபங்கள் நிறையப் பார்வையில்லாதவர்கள், நடக்க முடியாதவர்கள், கைகால் சூம்பிப்போனவர்கள். தண்ணீர் கலங்கும்போது முந்தி இறங்குகிறவனுக்கே சுகம் என்ற நம்பிக்கையில் வருஷக்கணக்காய் வரிசையில் தோற்றுக்கொண்டிருந்த கூட்டம். இயேசு அதற்குள் நுழைந்தார், 38 வருஷ நோயாளி ஒருவனிடம் மட்டும் பேசினார், அவனை எழுப்பினார், கூட்டத்தோடு கூட்டமாய் விலகிப் போய்விட்டார். மற்றவர்களைப் பற்றி யோவான் மேற்கொண்டு எழுதவில்லை. அவர்களுக்கு விசுவாசம் குறைவு என்றும் எழுதவில்லை. சுகமானவனுக்கே தன்னைச் சுகமாக்கியவர் யாரென்று அப்போது தெரியாது.

ஈப்போவில் ஒரு தமிழ்ச் சபையில் நான் சம்பளமில்லாத பிரசங்கி. பிழைப்புக்குப் பார்த்தது அரசாங்க ஆஸ்பத்திரியில் மருத்துவ உதவியாளர் வேலை. தோட்டத்திலிருந்து வந்த பெரியவர்கள் இன்றும் அதை டிரசர் வேலை என்றுதான் சொல்வார்கள். ஓய்வு பெற்றபின் புந்தோங், சிலிபின், சுங்கை சிப்புட் பக்கத்து வீடுகளிலும், ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை வார்டுகளிலும் நோயாளிகளைப் பார்த்து ஜெபிக்கிறேன். மருந்துத் தள்ளுவண்டிக்குப் பின்னாலும் வேதப் புத்தகத்துக்குப் பின்னாலும் நின்றவன் என்ற முறையில் எனக்கு ஒன்று உறுதிப்பட்டிருக்கிறது. சுகமளிக்கும் ஊழியம் நல்லதா கெட்டதா என்பது மேடையில் எழுந்து நடந்தவர்களைப் பார்த்தால் தெரியாது. எழாமல் வீட்டுக்குத் திரும்பியவர்களை அந்த ஊழியம் என்ன செய்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டும்.

எங்கள் ஜனங்கள் ஏன் அற்புதக் கூட்டம் என்றால் வேன் பிடித்துக் கிளம்பிவிடுகிறார்கள் என்று படித்தவர்கள் சிரிப்பதுண்டு. தோட்டத்துக் கதை தெரியாத சிரிப்பு அது. ரப்பர் தோட்டங்கள் எங்கள் பாட்டன்மாருக்கு முதலில் கொடுத்தது காய்ச்சலைத்தான். கிள்ளான் பகுதியில் 1901 முதல் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் சதுப்பு நிலத்தை வடியவைத்து மலேரியாவை அடக்கினார். அதே வழி மேட்டுநிலத் தோட்டங்களில் பலிக்கவில்லை. காட்டை வெட்டி வெயிலை உள்ளே விட்டதும், வெயில் படும் ஓடைகளில் பெருகும் வேறொரு கொசு வந்து சேர்ந்தது. ஓடைகளில் எண்ணெய் தெளித்து அதையும் அடக்கக் கற்றுக்கொள்வதற்குள் லயங்களில் எத்தனையோ பிள்ளைகள் போய்விட்டன. டிரசர் வந்து நெற்றியைத் தொடுவார், நாக்கை நீட்டச் சொல்வார், கொயினா கொடுப்பார். பிறகு, பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போகலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்வார். உடம்புக்கு முடியவில்லை என்பதை உடம்புக்காரர் சொன்னால் போதாது, டிரசர் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அன்றைய பேர் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் விழாது.

பத்து காஜா பக்கம் கெல்லிஸ் காசலைப் பார்க்கப் போகிறவர்கள், அருகிலிருக்கும் மாரியம்மன் கோயிலையும் ஒரு நடை பார்க்கவேண்டும். வில்லியம் கெல்லி ஸ்மித் துரை மாளிகை எழுப்பிக்கொண்டிருந்தபோது தமிழ்த் தொழிலாளிகளை ஒரு கொள்ளைநோய் வாரிக்கொண்டு போனது. அது 1918ஐ ஒட்டி உலகத்தையே உலுக்கிய ஸ்பானிஷ் காய்ச்சல் என்பார்கள். மிஞ்சியவர்கள் அம்மனுக்குக் கோயில் கேட்டார்கள், துரை கட்டிக்கொடுத்தார், வேலை மறுபடி நடந்தது என்று கதை. கோயில் கூரைச் சிலைகளுக்கு நடுவே துரையின் உருவமும் நிற்கிறது. அவர் 1926இல் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்தார். மாளிகை முடியாமலே கிடக்கிறது. நோய் வந்தால் நேர்ந்துகொள்வதும் தீர்ந்தால் செலுத்துவதும் எங்கள் இரத்தத்தில் ஊறியது. ஞானஸ்நானம் எடுத்ததும் அது கழன்று விழுந்துவிடாது. விழவேண்டும் என்று நான் பிரசங்கிப்பதுமில்லை. முடியாதபோது வானத்தைப் பார்ப்பதில் என்ன தப்பு?

தோட்டங்கள் கைமாறி, பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, ஜனங்கள் டவுனில் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்தார்கள். கோயிலும் கங்காணியும் டிரசரும் பின்னால் நின்றுவிட்டார்கள். இங்கே ஒரு கடைவீட்டு மாடியில் யாரோ ஒருவர் தலைமேல் கைவைத்து, பேரைச் சொல்லி, கண்ணீரோடு ஜெபிக்கிறார். செக்ரோலுக்காக இல்லாமல் தன்னைத் தொட்ட முதல் கை அதுதான் என்று ஒரு பாட்டி என்னிடம் சொன்னார். அந்தக் கையைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. ஆனால் அவ்வளவு நம்பிக்கையோடு ஏற்கப்பட்ட கைக்கு எவ்வளவு கெடுதலும் செய்ய முடியும் என்பதையும் வார்டில் பார்த்திருக்கிறேன்.

பணத்திலிருந்து தொடங்குகிறேன், அது சுலபமான பகுதி. மாற்கு 5இல் வரும் பெரும்பாடுள்ள பெண்ணை வைத்து டாக்டர்களைத் திட்டும் பிரசங்கத்தைக் கேட்டிருப்பீர்கள். 12 வருஷம், பல வைத்தியர்கள், கையில் இருந்ததெல்லாம் கரைந்தது, நோயோ முற்றியது. மாற்கு அப்படித்தான் எழுதியிருக்கிறார், மறுக்கவில்லை. நகையை அடகு வைத்து ஆஸ்பத்திரி பில் கட்டியவர்களுக்கு அந்த வசனத்தை விளக்கவே வேண்டாம். ஆனால் அந்தப் பிரசங்கம் முடிந்த கையோடு காணிக்கைப் பை சுற்றி வருகிறது, விதைக் காணிக்கை என்ற புதுப் பெயரில். எல்லாம் போய் வெறுங்கையோடு வந்த அந்தப் பெண்ணிடம் இயேசு என்ன கேட்டார்? தன்னைத் தொட்டது யார் என்று மட்டும்தான் கேட்டார்.

நாகமானின் கதையும் அப்படித்தான். யோர்தானில் ஏழுதரம் முழுகி எழுந்ததும், 14ஆம் வசனத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்துக்கு 27 வசனங்கள் இருக்கின்றன. சுகமான சேனாபதி கொண்டுவந்த வெள்ளியையும் பொன்னையும் எலிசா தொடவில்லை. வேலைக்காரன் கேயாசி பின்னாலேயே ஓடி, பொய் சொல்லி, இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று உடைகளும் வாங்கிக்கொண்டான். நாகமானை விட்டுப் போன குஷ்டம் அவனைப் பிடித்தது. சுகத்தை விற்றவனைப் பற்றி இவ்வளவு கறாராக எழுதப்பட்ட அதிகாரத்தை வைத்தே வெள்ளி வசூலிக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நம் நாட்டில் 1956ஆம் ஆண்டின் மருந்துகள் (விளம்பரம், விற்பனை) சட்டம், புற்றுநோய், இனிப்பு நீர், வலிப்பு, காசநோய் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக மருந்துக்காரர்கள் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. லேகியம் விற்கிறவருக்கு இருக்கவேண்டிய கூச்சமாவது எங்களுக்கு இருக்கலாம்.

கடினமான பகுதி, நல்லெண்ணத்தோடு நடக்கும் கெடுதல். காசநோய்க்கு வழக்கமான மருந்து ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு வகை, பிறகு நான்கு மாதம் இரண்டு வகை. இரண்டு மாதம் முடிவதற்குள்ளேயே இருமல் அடங்கும், பசி எடுக்கும், சட்டை மறுபடி பொருந்தும். சரியாக அந்த நேரத்தில் ஒருவர் ஜெபக்கூட்டத்துக்குப் போய்ச் சாட்சி சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, அவர் உடம்பு அவருக்கு அப்படித்தான் சொல்கிறது. சபையே எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்ன பிறகு மறுநாள் காலையில் அவர் எந்த முகத்தோடு மாத்திரையை விழுங்குவார்? நிறுத்திவிடுவார். ஒளிந்திருக்கும் கிருமி திரும்பி வரும், சில சமயம் பழைய மருந்துக்கு அடங்காததாக வரும், வீட்டில் இருக்கும் குழந்தைக்கும் போகும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் ஓயாத வலிப்பு வரலாம். இன்சுலினால் மட்டுமே உயிரோடிருக்கிற பிள்ளைக்கு ஊசியை நிறுத்தினால் சில நாளில் உயிருக்கே ஆபத்து. இரத்த அழுத்தமோ ஏறுவதையும் சொல்லாது, இறங்குவதையும் சொல்லாது. 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இந்தியர்களிடையே அது மற்ற இனத்தாரைவிட அதிகம். எங்கள் சபை வரிசைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் இவர்கள்தான்.

இதற்கு வேதத்திலேயே மருந்து இருக்கிறது. லூக்கா 17இல் பத்துக் குஷ்டரோகிகளை இயேசு ஆசாரியர்களிடம் போய்க் காட்டச் சொல்கிறார். மாற்கு 1இல் ஒருவனைச் சுகமாக்கி, யாரிடமும் சொல்லாதே, ஆசாரியனிடம் காட்டு என்று கண்டித்து அனுப்புகிறார். லேவியராகமம் 13, 14ஆம் அதிகாரங்களின்படி அந்தக் காலத்தில் தோலைப் பார்த்து, நாள் குறித்து, மறுபடி பார்த்து, சுத்தம் என்று சொல்லும் அதிகாரம் ஆசாரியனுடையது. சுகமாக்கியவரே பரிசோதனைக்கு அனுப்புகிறார், அதற்கு அவர் வெட்கப்படவில்லை. எங்கள் சபையில் இப்போது ஒரு வழக்கம்: சுகம் பற்றிய சாட்சி கிளினிக் தவணைக்குப் பிறகுதான். முதலில் முணுமுணுப்பு இருந்தது. பாஸ்டர் இந்த இரண்டு பகுதிகளையும் வாசித்துக் காட்டியபின் அடங்கியது. வீடியோ எடுப்பதும் இல்லை. யவீருவின் மகளை எழுப்பியபின் இயேசு சொன்னது இரண்டே காரியம்: வெளியே சொல்லவேண்டாம், பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுங்கள்.

ஆசாரியனிடம் போகச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவன் சுத்தம் என்று சொன்னால்தான் அந்த மனிதன் ஊருக்குள் போகமுடியும், வீட்டுத் திண்ணையில் உட்கார முடியும். இந்த நாட்டுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கவேண்டும். 1930இல் சுங்கை பூலோவில் குஷ்டரோகிகளுக்குக் குடியிருப்பு திறந்தார்கள், தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள். பிறகு மருந்து வந்தது, நோய் குணமானது. ஆனாலும் பலர் சாகும்வரை அங்கேயே இருந்தார்கள், ஏனென்றால் அவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள வீடு இல்லை. மருந்து செய்ய முடிந்ததை மருந்து செய்தது. மீதி எங்களைப்போன்ற சபைகள் செய்திருக்கவேண்டியது.

கத்தோலிக்கச் சகோதரர்களிடம் இந்த விஷயத்தில் நாங்கள் கற்றுக்கொள்ளலாம். சிலிபினில் லூர்து மாதா ஆலயம் இருக்கிறது. அந்தப் பெயருக்குக் காரணமான பிரான்ஸ் நாட்டு லூர்து நகரில், குணமானேன் என்று சொல்கிறவர்களைப் பரிசோதிக்க 1883 முதல் மருத்துவ அலுவலகம் உண்டு. டாக்டர்கள் பழைய ரிப்போர்ட்டைக் கேட்பார்கள், வருஷக்கணக்காய்க் கவனிப்பார்கள், நோய் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். சுமார் 7,000 பேரின் குணமடைதல் பதிவாகியிருக்கிறது. அதில் திருச்சபை அற்புதம் என்று ஏற்றுக்கொண்டவை 70ஐச் சற்றே தாண்டும். எங்கள் ஊர்க் கூட்டம் ஒன்றில் ஒரே ராத்திரியில் அதைவிட அதிகமாய் அறிவித்ததைக் கேட்டிருக்கிறேன். 2000ஆம் ஆண்டு வத்திக்கான் வெளியிட்ட சுகமளிக்கும் ஜெபங்கள் பற்றிய ஒழுங்குமுறை, இப்படிப்பட்ட கூட்டங்களில் வெறியாட்டமும் நாடகத்தனமும் கூடாது என்கிறது. அதை எந்தச் சபையாரும் சுவரில் ஒட்டிவைக்கலாம்.

இனி விசுவாசம். 'உங்களுக்கு விசுவாசம் பத்தல' என்ற வாக்கியத்தைப்போல நோயாளியை நொறுக்கும் வாக்கியம் வேறில்லை. புற்றுநோய் வார்டில் ஓர் அம்மா, எந்தப் பாவத்தை அறிக்கையிட மறந்தேன் என்று தன் சிறுவயது வரைக்கும் தேடிக்கொண்டிருந்தார். சபை ஆள் ஒருவர் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார், அவ்வளவுதான். மாற்கு 2இல் கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனின் விசுவாசத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இயேசு பார்த்தது அவனைச் சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தை. மாற்கு 9இல் வலிப்புப் பையனின் தகப்பன் பாதி நம்பி, பாதி நம்பாமல் அழுகிறான். பையன் பிழைக்கிறான். அந்தக் கதையில் ஜெபம் போதாது என்று கேட்டுக்கொண்டவர்கள் சீஷர்கள், அதாவது ஊழியக்காரர்கள். விசுவாசக் குறைவு என்ற குற்றச்சாட்டை யாராவது சுமக்கத்தான் வேண்டும் என்றால், ஜெபிக்க வந்தவர் சுமக்கட்டும்.

தழும்புகளால் குணமானோம் என்ற வசனத்தைச் சீட்டுபோல நீட்டி, எல்லா நோயும் ஏற்கெனவே போய்விட்டது என்பார்கள். 1 பேதுரு 2ஆம் அதிகாரத்தை 18ஆம் வசனத்திலிருந்து வாசித்தால், அது கொடுமைக்கார எஜமான்களிடம் அடிவாங்கும் வேலைக்காரர்களுக்கு எழுதப்பட்டது தெரியும். உங்களைப் போலவே அடிபட்டவர் உங்கள் மேய்ப்பர் என்று அவர்களிடம் சொல்கிற இடம் அது. தோட்டத்தில் பிறந்தவனுக்கு அதை அப்படி வாசிப்பது கடினமில்லை. அடிபட்டவர்களுக்கான ஆறுதலை எடுத்து நோயாளிகளை அடிக்கும் பிரம்பாக்குவது எனக்குப் பொறுக்கவில்லை. பவுலோ தன் மாம்சத்திலிருந்த முள்ளை எடுக்கும்படி மூன்றுதரம் கேட்டும் அது எடுபடவில்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னார். துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவிட்டுப் போனார். கூடவே லூக்கா என்ற வைத்தியரை வைத்துக்கொண்டார். எசேக்கியாவுக்கு ஆயுசு கூட்டப்பட்டபோதுகூட ஏசாயா அத்திப்பழ அடையைப் புண்ணில் வைக்கச் சொன்னார். கர்த்தர் சொன்ன பிறகு அந்த அடை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

ஈப்போக்காரன் இந்த விஷயத்தில் ஒருவரைச் சொல்லாமல் விடமுடியாது. சிபில் கார்த்திகேசு நர்ஸ், கத்தோலிக்க விசுவாசி. கணவர் டாக்டர் ஏ.சி. கார்த்திகேசுவோடு ஈப்போ புரூஸ்டர் ரோட்டில் கிளினிக் நடத்தினார். ஜப்பான்காரன் வந்தபோது குடும்பம் பப்பானுக்குப் போனது. அங்கே ஊர் ஜனங்களோடு, காட்டிலிருந்து வந்த கெரில்லாக்களுக்கும் இரகசியமாய்ச் சிகிச்சை செய்தார். 1943இல் பிடிபட்டார். கணவரும் பிள்ளைகளும்கூட வதைக்கப்பட்டார்கள். அவருடைய முதுகெலும்பு சேதமானது, நடக்க முடியாமல் போனது. அவர் ஜெபித்தார், அதில் சந்தேகமில்லை, தன் நினைவுக் குறிப்புகளிலேயே எழுதியிருக்கிறார். யுத்தம் முடிந்து பிரிட்டனுக்குச் சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். 1947இல் ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. 1948 ஜூனில் அந்தக் காயங்களின் தொடர்ச்சியாக இறந்தார். அடுத்த வருஷம் உடலை ஈப்போவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள், ஃபேர் பார்க்கில் அவர் பேரில் ஒரு தெரு இருக்கிறது. விசுவாசம் இருந்தால் சுகம் நிச்சயம் என்று கணக்குப் போடுகிற இளம் பிரசங்கிகளை நான் அந்தத் தெருப்பெயரைப் படிக்கச் சொல்வேன். இந்தப் பெண்ணிடம் என்ன குறைவு என்று சொல்லுங்கள் பார்க்கலாம் என்பேன். இதுவரை யாரும் துணியவில்லை.

அப்படியானால் ஜெபிப்பது எப்படி? யாக்கோபு 5ஆம் அதிகாரம் எனக்கு வேலைமுறை. வியாதிப்பட்டவன் மூப்பரை வரவழைக்கட்டும் என்பதுதான் அதிலிருக்கும் ஏற்பாடு. அழைப்பது நோயாளி, நடந்து போவது மூப்பர். முடியாதவரை மேடையில் ஏற்றி, கைத்தடியைப் பிடுங்கி ஓடச் சொல்வதற்கு அங்கே இடமில்லை. எண்ணெய் பூசவும் சொல்லியிருக்கிறது. நல்ல சமாரியன் காயத்தில் ஊற்றியதும் எண்ணெய்தான், அந்தக் காலத்து மருந்துப்பெட்டியில் இருந்த பொருள். நான் போனால் முதலில் உட்காருவேன், நின்றுகொண்டு ஜெபித்தால் படுத்திருப்பவருக்கு டாக்டர் ரவுண்டு போலிருக்கும். கைவைக்கலாமா என்று கேட்பேன். எதற்காக ஜெபிக்கவேண்டும் என்றும் கேட்பேன். சுகத்துக்காக என்று நான் நினைத்துப் போனால், மருமகளோடு பேச்சில்லாமல் நாலு வருஷமாகிறது, அதற்காக ஜெபியுங்க ஐயா என்பார்கள். பக்கத்துக் கட்டிலில் வேறு மதத்தார் படுத்திருப்பார்கள், ஆகையால் குரல் தணிவாக. இரண்டு நிமிஷத்துக்கு மேல் போகாது, ஊசி போட்டுக் களைத்தவரால் அதற்குமேல் கேட்க முடியாது. இன்றைக்கே, இப்போதே, இந்த நிமிஷமே என்ற சொற்களை விட்டுவிட்டேன், அவை தேவன் கையிலிருப்பவை. ஆமென் சொன்னபின் மாத்திரைப் பையைப் பார்ப்பேன், பழைய வேலைப் பழக்கம். 88ஆம் சங்கீதம் வெளிச்சமே இல்லாமல் முடிகிறது. சிலருக்கு அதைத்தான் வாசிப்பேன், அவர்களுக்கும் ஒரு சங்கீதம் இருக்கிறது என்று தெரியட்டும் என்று.

வேதவகுப்பில் ஒரு தம்பி கேட்டார்: "அப்போ அற்புதம் நடக்காதுன்னு சொல்றீங்களா, ஐயா?" நடக்கும் என்று நம்புகிறேன். டாக்டர்களே கைவிரித்தபின் எழுந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு விளக்கம் தெரியாது, தேடவும் இல்லை. ஆனால் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது மாற்கு 8இல் வரும் பெத்சாயிதா ஊர்ப் பார்வையற்றவன். இயேசு தொட்டுவிட்டு, ஏதாவது தெரிகிறதா என்று அவனிடமே கேட்கிறார். அவன் கூச்சப்படாமல் உள்ளதைச் சொல்கிறான்: ஆட்கள் நடமாடும் மரங்கள்போலத் தெரிகிறார்கள். நன்றாய்த் தெரிகிறது என்று பொய் சொல்லவேண்டிய நெருக்கடி அவனுக்கு இல்லை. விசுவாசக் குறைவு என்று யாரும் அவனைக் கடிந்துகொள்ளவுமில்லை. இயேசு மறுபடியும் கைவைக்கிறார்.

ஆகவே ஜெபித்தபின் நானும் கேட்பேன், இப்போ எப்படி இருக்கு என்று. முதல் தடவை எல்லாரும் என் முகத்தைப் பார்த்து, பரவாயில்லை ஐயா, நல்லா இருக்கு என்பார்கள். இரண்டு மூன்று தடவை போய்ப் பழகினபின்தான் உள்ளதைச் சொல்வார்கள். அப்படியேதான் இருக்கு ஐயா. அப்படியா, சரி, புதன்கிழமை டயாலிசிஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக் குறித்துக்கொள்வேன்.